நூலக அட்டையின் அரசியல்

'நூலகத்தில் சாதி கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.' இப்படிச் சொல்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். ஆசிரியர் சங்கத்துக்காரர்கள், முற்போக்கு மேடைகளில் வாசிப்பின் பெருமை பேசுகிறவர்கள், புத்தகக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போய்வருகிறவர்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருக்கிறது: உங்க ஊர் நூலகம் எந்தத் தெருவுல இருக்கு?

பஞ்சாயத்து ஆபீஸ் எங்கே இருக்கிறதோ, பால் சொசைட்டி எங்கே இருக்கிறதோ, திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற மைதானம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பெரும்பாலான ஊர்களில் நூலகமும் இருக்கிறது. புத்தகத்துக்குச் சாதி இல்லாமலிருக்கலாம். புத்தகம் இருக்கிற கட்டடத்துக்கு மனை உண்டு. மனைக்குத் தெரு உண்டு. தெருவுக்குச் சாதி உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் முறைக்கிற தெரு வழியாக, சைக்கிளை விட்டு இறங்கு என்று அதட்டிய தெரு வழியாக நம் பிள்ளை நடந்து போய்த் தினத்தாளைப் புரட்ட வேண்டும். கதவு திறந்துதானே இருக்கிறது என்கிறார்கள். கோயில் கதவும் திறந்துதான் இருந்தது.

இதைச் சொன்னால் உடனே இரண்டாவது வாதம் வரும். 'சரிப்பா, உங்க காலனியிலேயே ஒரு படிப்பகம் கட்டித் தர்றோம். ஃபேன் போட்டுத் தர்றோம். அப்புறம் என்ன பிரச்சினை?' முதல் வாதத்தைவிட இது ஆபத்தானது. முதல் வாதம் சாதியை மறைக்கிறது. இரண்டாவது வாதம் சாதிக்குக் கட்டடம் கட்டுகிறது. அதோடு, நம்மில் பலரை இது மகிழ்ச்சிப்படுத்தியும் விடுகிறது. அடிக்கல் நாட்டு விழாவுக்கு நம் ஆட்களே மாலை வாங்கிப் போகிறார்கள்.

இந்த இரண்டாவது வாதத்துக்கு 1940-ஆம் ஆண்டிலேயே ஒரு கறுப்பின இளைஞர் பதில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு சின்ன நகரத்துச் சின்ன நூலகத்தின் வரலாறு அது. அமெரிக்காக் கதை நமக்கெதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1946-ல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதார் நிலைக்கும் நீக்ரோக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, ஐ.நா. சபைக்கு அவர்கள் கொடுக்கும் மனுவின் படியைக் கேட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1972-ல் பம்பாயில் நம் தோழர்கள் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டது கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். இது கடன் வாங்குவதல்ல. பங்காளிகள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது.

1

வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது அலெக்சாண்டிரியா. அங்கே 1937-ல் குவீன் தெருவில் பொது நூலகம் திறந்தார்கள். கட்டடம் ஒரு செல்வரின் நன்கொடை, தாயின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. நடத்துகிற செலவுக்கு நகராட்சி நிதி. நகராட்சி நிதி என்றால் வரிப்பணம். கறுப்பர்களும் வரி கட்டினார்கள். ஆனால் நூலகம் வெள்ளையருக்கு மட்டும்.

அந்த நூலகத்துக்கு நடக்கிற தூரத்தில் குடியிருந்தவர் சாமுவேல் வில்பர்ட் டக்கர். சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. தானாகவே சட்டப் புத்தகங்களைப் படித்துத் தேர்வெழுதி, வழக்கறிஞர் ஆகிற வயது வரும்வரை காத்திருந்து, 21 வயதில் பதிவு செய்துகொண்டவர். புத்தகம் படித்தே வக்கீலான ஒரு மனிதனுக்கு வீட்டுப் பக்கத்து நூலகத்தில் நுழைய உரிமையில்லை. இதைவிடக் கேவலம் அந்த நகரத்துக்கு என்ன இருக்கிறது?

1939 மார்ச்சில் டக்கர், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஜார்ஜ் வில்சனை அழைத்துக்கொண்டு போய் நூலக அட்டை கேட்டார். மறுத்தார்கள். கோர்ட்டுக்குப் போனார். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. அதிகாரத்தின் பழைய தந்திரம் இது. 'மாட்டேன்' என்று சொல்லாது, 'பார்க்கலாம்' என்று சொல்லும்.

டக்கர் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள், நன்றாக உடுத்திக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அந்த நூலகத்துக்குள் போனார்கள். ஓட்டோ டக்கர், வில்லியம் எவன்ஸ், எட்வர்ட் காடிஸ், மாரிஸ் மர்ரி, கிளாரன்ஸ் ஸ்ட்ரேஞ்ச். முதல் ஆள் அட்டை கேட்டார். இல்லை என்றார்கள். சண்டை போடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். இரண்டாவது ஆள் வந்தார், அதே கேள்வி, அதே பதில், இன்னொரு மேசை. இப்படி ஐந்து பேர், ஐந்து மேசை. பேசிக்கொண்டார்கள் என்று குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காகத் தனித்தனியாக உட்காரச் சொல்லிப் பழக்கியிருந்தார் டக்கர். 14 வயதுப் பையன் ஒருவன் நூலகத்துக்கும் டக்கரின் அலுவலகத்துக்கும் ஓடி ஓடிச் சேதி சொன்னான்.

போலீஸ் வந்தது. வெளியே போகாவிட்டால் கைது என்றது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. கைது செய்து நடத்திக் கூட்டிப் போனார்கள். டக்கர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பத்திரிகைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. 1960-ல் கிரீன்ஸ்பரோ உணவகத்தில் மாணவர்கள் உட்கார்ந்த போராட்டத்தை உலகம் அறியும். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்னால் புத்தகத்தோடு உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

வழக்கு என்ன தெரியுமா? ஒழுங்கீனமான நடத்தை! நூலகத்தில் சத்தம் போடாமல் புத்தகம் படித்தது ஒழுங்கீனம். கோர்ட்டில் டக்கர் போலீஸ்காரரையே குறுக்கு விசாரணை செய்தார். இவர்கள் சத்தம் போட்டார்களா? இல்லை. தகராறு செய்தார்களா? இல்லை. இவர்கள் வெள்ளையர்களாக இருந்து இதையே செய்திருந்தால் பிடித்திருப்பீர்களா? இல்லை. அதாவது குற்றம் செயலில் இல்லை, தோலில் இருந்தது. இதைப் பதிவு செய்ய வைத்ததுதான் டக்கரின் வெற்றி. நீதிபதி தீர்ப்பே சொல்லவில்லை. தண்டித்தால் மேல்முறையீடு போகும், விடுவித்தால் நூலகம் திறந்துவிடும். இரண்டும் வேண்டாமென்று வழக்கைக் கிடப்பில் போட்டார்கள். அந்த ஐந்து பேர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் முறைப்படி தள்ளுபடி செய்தது 2019 அக்டோபரில். எண்பது வருஷம். நம் ஊர் கோர்ட்டுகளை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

2

இப்போதுதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது.

1940 ஜனவரியில் வில்சன் வழக்கில் நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். விண்ணப்பத்தை முறையாகப் பூர்த்தி செய்யவில்லை என்று வில்சனுக்கு அட்டை மறுத்தார். ஆனால் கறுப்பர்களுக்கு அட்டை கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றும் அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டார். நகராட்சிக்குக் குளிர் கண்டது. அடுத்த முறை விண்ணப்பம் சரியாக வந்தால் என்ன செய்வது? அவசர அவசரமாக ஒரு கட்டடம் கட்டினார்கள். கறுப்பர்களுக்கென்று தனி நூலகம். ஒரு கறுப்பினப் போதகரின் பெயரைச் சூட்டி ராபர்ட் ராபின்சன் நூலகம் என்றார்கள். 1940 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதது, கோர்ட் லேசாகக் கனைத்ததும் மூன்றே மாதத்தில் எழுந்து நின்றது! சிறிய கட்டடம். பழைய மேசை நாற்காலி. குவீன் தெருவில் படித்துக் கழித்த புத்தகங்கள்.

கவனியுங்கள் தோழர்களே. அந்தக் கட்டடத்தைக் கட்டியது கருணை அல்ல, பயம். ஐந்து பேர் உட்கார்ந்ததற்குக் கிடைத்தது அது. ஆனால் அவர்கள் கேட்டதைக் கொடுக்காமலிருப்பதற்காகவே கொடுக்கப்பட்டது அது. கறுப்பினத் தலைவர்களில் சிலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றுமில்லாததற்கு இதுவாவது கிடைத்ததே என்று நினைத்திருப்பார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள்.

டக்கர் என்ன செய்தார்? 1940 பிப்ரவரியில் நூலகருக்குக் கடிதம் எழுதினார். குவீன் தெரு நூலக அட்டைக்குப் பதிலாகப் புதிய நூலகத்தின் அட்டை தருவதாயிருந்தால் அதை மறுக்கிறேன், எப்போதும் மறுப்பேன் என்று எழுதினார். அந்தக் கடிதத்தின் உயிர் 'பதிலாக' என்கிற சொல்லில் இருக்கிறது. புதிய நூலகம் இருக்கக்கூடாது என்று அவர் எழுதவில்லை. பழைய நூலகத்தில் என் உரிமைக்கு அது ஈடாகாது என்றார். வக்கீல் அல்லவா, வார்த்தையை எண்ணிப் போட்டார்.

குவீன் தெரு நூலகம் கறுப்பினப் பெரியவர்களுக்கு 1959-ல்தான் திறந்தது. குழந்தைகளுக்கு 1962-ல். இருபது வருஷத்துக்கு மேல் ராபின்சன் நூலகம் 'அதுதான் உங்களுக்கு இருக்கிறதே' என்று சொல்லப் பயன்பட்டது. ஒரு கட்டடம் சுவராக வேலை செய்தது. அதே இருபது வருஷமும் அந்தப் பகுதிப் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நூலகத்தின் வரலாறு. இன்றைக்கு அந்தக் கட்டடம் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். டக்கரோ 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நியூ கென்ட் பள்ளிக்கூட வழக்கை நடத்தி வென்று, பள்ளிகளில் பிரிவினையை வேரோடு ஒழிக்கும் பொறுப்பைப் பள்ளி நிர்வாகங்களின் தலையில் வைத்தார்.

3

தனி நூலகம் என்றாலே துரோகம் என்று அவசரப்பட்டு எழுதிவிட முடியாது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தைப் பாருங்கள்.

அங்கே பொது நூலகம் கறுப்பர்களை ஒதுக்கியபோது ஆல்பர்ட் மேசீக் என்கிற தலைமையாசிரியர் விடாமல் கேட்டார். 1905-ல் ஒரு கறுப்பினத்தவர் வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்து மேற்குக் கிளை திறக்கப்பட்டது. 1908-ல் கார்னகி பணத்தில் சொந்தக் கட்டடம். பொறுப்பேற்றவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். உடன் நின்றவர் ரேச்சல் டேவிஸ் ஹாரிஸ். நூலகர் முதல் கடைசி ஊழியர் வரை கறுப்பர்களே நடத்திய பொது நூலகம் அது. புத்தகம் கொடுத்து வாங்குகிற இடமாக மட்டும் அதை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. சங்கங்கள் கூடின. கவிஞர் ஜோசப் காட்டர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி நடத்தினார். நூலகப் பள்ளிகள் கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில், தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்குப் புளூ அங்கேயே நூலகப் பயிற்சி கொடுத்தார். 1914-ல் கிழக்குக் கிளையும் வந்தது.

ஆனால் முக்கியமான ஒன்று. நகரத்தின் தலைமை நூலகம் 1940-களின் கடைசிவரை கறுப்பர்களுக்கு மூடியே இருந்தது. 1935-ல் இறந்துபோன புளூ அது திறந்ததைப் பார்க்கவில்லை. நூலகர்களை உருவாக்கிய நூலகரே தலைமை நூலகத்தில் வாசகராக உட்கார முடியாத நிலை.

அலெக்சாண்டிரியா, லூயிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஒன்று, நாம் கேட்ட உரிமையை மறுப்பதற்காக அவர்கள் கட்டியது. மற்றது, நம் தேவைக்காக நாம் போராடி வாங்கி, நம் கையில் நிர்வாகம் வைத்து, நம் பிள்ளைகளை ஆளாக்கியது. செங்கல் ஒன்றுதான். அதிகாரம் யார் கையில் என்பதுதான் கேள்வி. அப்படியும்கூட இரண்டாவது வகை நூலகம் முதல் உரிமைக்கு ஈடாகிவிடவில்லை.

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் 1961 மார்ச் 27 அன்று டுகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் இதைச் செயலில் காட்டினார்கள். முதலில் கறுப்பர் நூலகத்துக்குப் போய், அங்கே இல்லை என்று தெரிந்த புத்தகங்களைக் கேட்டார்கள். இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெள்ளையர் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். 'உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே' என்ற பேச்சுக்கு முன்கூட்டியே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். கைது செய்தார்கள். வழக்கு நடந்த அன்று கோர்ட் வாசலில் கூடிய கறுப்பர்கள் மீது தடியையும் நாயையும் ஏவினார்கள். ஒரு புத்தகம் கேட்டதற்கு நாய்!

4

இனி நம் கதை.

நான் வங்கியில் பற்றும் வரவும் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் பணத்திலிருந்து தொடங்குகிறேன். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல். எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இதில் உண்டு, மறுக்கவில்லை. இந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அதை உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும். காலனியில் ஓட்டு வீடோ தொகுப்பு வீடோ வைத்திருக்கிறவர் வீட்டு வரி கட்டினால் அதோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆக, நூலகம் அரசாங்கம் போடுகிற பிச்சையுமில்லை, ஊர்க்காரர்கள் காட்டுகிற பெருந்தன்மையுமில்லை. அது நம் பணம். அலெக்சாண்டிரியாவில் டக்கர் பிடித்த பிடியும் இதுதான்.

வசூலித்த வரியை நூலகத்துக்குக் கட்டாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைத்த செய்தி எத்தனையோ முறை வந்தாயிற்று. சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்த செய்தியும் வந்தது. நாங்கள் கடன் தவணை பாக்கி வைத்தால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறான். இவர்கள் வாசலில் யார் போய் நிற்பது?

2006-ல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. பஞ்சாயத்துதோறும் நூலகம் என்றார்கள். நல்ல திட்டம். கட்டடம் எழுந்தது, புத்தகம் வந்தது. பிறகு எத்தனையோ ஊர்களில் பூட்டுத் தொங்கியது. 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்குவோம் என்றார்கள். எழுத்தாளர்கள் கொதித்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், நூலகம் காப்பாற்றப்பட்டது. சரியான போராட்டம். ஆனால் கிராம நூலகங்களில் பூட்டுத் தொங்கியபோது அந்தக் கொதிப்பு எங்கே போயிற்று? குளிர்சாதன வசதியுள்ள நூலகத்துக்கு வருகிற கோபம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை நூலகத்துக்கு ஏன் வருவதில்லை?

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் அந்த நூலகத்தைச் சிங்களக் காடையர்களும் போலீசும் எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நெருப்பு நம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் 2003 பிப்ரவரியில், திருத்திக் கட்டிய நூலகத்தை மேயர் செல்லன் கந்தையன் திறந்து வைப்பதாக இருந்து, அந்த விழா தடுக்கப்பட்டதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? அவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதே காரணம் என்றது ஒரு தரப்பு. அரசியல் காரணம் மட்டுமே என்றது இன்னொரு தரப்பு. விவாதம் இன்னும் தீரவில்லை. தீராத விவாதத்தை நம் தமிழ் மேடைகள் தொடவே தொடாமலிருப்பது மட்டும் எனக்குப் புரிகிறது. எரித்ததைப் பேசினால் எதிரி வெளியே இருக்கிறான். திறக்கவிடாததைப் பேசினால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான்.

நூலகம் பெருகினால் சாதி தேயும் என்று நம்புகிற அப்பாவிகளுக்குப் பரோடாவை நினைவுபடுத்த வேண்டும். மன்னர் சயாஜிராவ் 1910-ல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்கிற நூலக வல்லுநரை வரவழைத்து, சமஸ்தானம் முழுக்க இலவச நூலகங்களை ஏற்படுத்தினார். இந்தியாவுக்கே முன்மாதிரி என்று நூலக வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தப் பரோடாவுக்கு 1917-ல் வேலை பார்க்க வந்தார் அம்பேத்கர், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு. தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். கம்போடு வந்து விரட்டினார்கள். காமாத்தி பாக் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, ராத்திரி ரயிலேறிப் பம்பாய் போனார். ஊருக்கு ஊர் நூலகம் இருந்த சமஸ்தானத்தில், அந்தக் காலத்தில் மிக அதிகம் படித்த ஒரு மனிதனுக்கு ஒரு அறை இல்லை. பிற்பாடு தாதரில் 'ராஜகிருஹம்' கட்டியபோது புத்தகங்களுக்காகவே வீடு கட்டினார். வாடகை வீட்டின் வலி தெரிந்தவர் அல்லவா.

அலமாரிக்குள்ளேயும் கொஞ்சம் பார்ப்போம். 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி 1914-ல் இறக்கும்வரை நடத்தினார். கோலார் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்பில் சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. பொது நூலகச் சட்டத்துக்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே நம் சனம் பத்திரிகை நடத்தியிருக்கிறது, புத்தகம் போட்டிருக்கிறது, படித்திருக்கிறது. 'இவங்களுக்குப் படிக்கிற பழக்கமே இல்ல' என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களுக்கு இது காதில் விழட்டும்.

அந்தத் 'தமிழன்' எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்து நம் தலைமுறை கைக்கு வந்தது 1999-ல். பண்டிதர் இறந்து 85 வருஷம் கழித்து. நடுவில் அவற்றைக் காத்தது யார்? அரசாங்க நூலகத்தில் பட்டியல் போட்டுப் பாதுகாத்ததால் அவை நமக்குக் கிடைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் தங்கள் வீட்டில், சொந்தக் காசில், கரையானிடமிருந்து காத்ததால் கிடைத்தன. நம் சமூகத்தின் உண்மையான பொது நூலகம் இவ்வளவு காலமும் அந்த மாதிரி வீட்டு அலமாரிகளில்தான் இருந்திருக்கிறது. அவர்கள் நம்முடைய தாமஸ் புளூக்கள். பெயர்ப்பலகை இல்லை, சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

5

ஆக, என்ன செய்யலாம்?

ஒரு எதிர்ப்பு வரும், அதையும் பேசிவிடலாம். 'எல்லாம் செல்போன்ல வந்துருச்சு, இன்னும் என்ன நூலகம்?' இதைக் கேட்கிறவர் வீட்டில் அவருக்கென்று ஒரு அறை இருக்கும். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண்ணிடம் கேளுங்கள் நூலகம் எதற்கென்று. ஒரு மேசை, ஒரு விளக்கு, ரெண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத நிம்மதி. அது எந்த செல்போனிலும் இறங்காது.

இன்னொரு எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். 'ஊர் நூலகத்துல என்ன இருக்கு? கிழிஞ்ச நாவலும் பழைய வார இதழும். அதுக்குப் போயி அடிபடணுமா?' 1927-ல் மகத்தில் நடந்ததை யோசியுங்கள். சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தால்தான் உயிர் பிழைப்போம் என்பதற்காக அங்கே போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டப் போகிறோம் என்றார் பாபாசாகேப். அந்தக் குளத்தைத் திறப்பதற்குத் தீர்மானம் முன்பே இருந்தது. 1923-ல் பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியது, மகத் நகராட்சியும் ஏற்றது. காகிதத்தில் திறந்த குளத்தைக் கால் வைத்துத் திறக்க வேண்டியிருந்தது. நம்மிடமும் 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் உண்டு. பொதுப் பாதை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லோருக்கும் என்று. நூறு வருஷம் ஆகிவிட்டது. எத்தனை தெருவில் நாம் இன்னும் கால் வைத்துத் திறக்க வேண்டியிருக்கிறது?

அதே பாபாசாகேப் 1945-ல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார், 1946-ல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பொதுக் குளத்தில் இறங்கியதும் அவர்தான். சொந்தக் கல்லூரி கட்டியதும் அவர்தான். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நம் நிலைப்பாடும் அதுவாகத்தான் இருக்க முடியும். காலனியில் படிப்பகம் வேண்டும், ஊர் நூலகத்திலும் நாற்காலி வேண்டும். 'பதிலாக' என்று சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும் வாசலோடு அனுப்ப வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். மாணவத் தோழர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழுவாகச் சேர்ந்து ஊர் நூலகத்தில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துப் போங்கள். வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து படியுங்கள். அமைதியாக. அந்த ஐந்து பேர் காட்டிய ஒழுங்கு அது. அம்பேத்கர் தொகுதிகளும் அயோத்திதாசர் தொகுதிகளும் தலித் படைப்புகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் மீது கோபப்படாதீர்கள். சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்களும் நம் கூட்டாளிகள் ஆகலாம்.

பூட்டிக் கிடந்தால் யார் பூட்டியது, எப்போது திறக்கும் என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பஞ்சாயத்து எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு கட்டியது என்று அதே மனுவில் கேளுங்கள். கணக்குக் கேட்பது கலகமா என்பார்கள். சேரியிலிருந்து கேட்டால் கலகம்தான்.

காலனிப் படிப்பகத்தை ஒன்றியச் செயலாளரின் கட்அவுட் வைக்கிற இடமாக விடாதீர்கள். நிர்வாகம் நம் கையில், சாவி நம் கையில், புத்தகப் பட்டியல் நம் கையில். 'அம்பேத்கர் படிப்பகம்' என்று பலகை எழுதுவார்கள். உள்ளே அம்பேத்கர் புத்தகம் ஒன்றுகூட இருக்காது. சிலைக்குக் கூண்டு போட்ட நாடு இது. புத்தகத்துக்கும் கூண்டு போட விடக்கூடாது. சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகை, துண்டறிக்கை, மாநாட்டு மலர், சங்கத்து மினிட்ஸ் நோட்டு ஏதாவது கிடந்தால் எடைக்குப் போகுமுன் வாங்கி வையுங்கள். நம் வரலாறு பழைய பேப்பர் கடையில் கிலோக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

அட்டை கேட்டு மறுத்தால், 'நாளைக்கு வா' என்று இழுத்தடித்தால், தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிட்டு மறுபடியும் போங்கள். இரண்டு பேராகப் போயிருந்தால் அடுத்த முறை ஐந்து பேர். ஐந்து பேராகப் போயிருந்தால் ஒன்பது பேர்.